முதுகு காட்டி நிற்கும் இருவர்

ஜனவரி 5, ஞாயிறு

முதலில் பிள்ளைகளின் சங்கதிகள். கோயிலில் தந்த புது டயறி இது. முதல் பக்கத்தில் நல்லதைத்தான் எழுத வேண்டும்.

பெரியவன் அருள்நேசனின் மகன் யோனத்தானுக்கு இன்ஜினியரிங் கிடைத்துவிட்டது. அவன் வகுப்பில் எடுபட்டது இரண்டே பேர், அதில் இவன் ஒருவன். மற்றப் பெடியனுக்கு மூன்று இடத்தில் ரியூஷனாம், இவன் வீட்டில் இருந்து படித்தவன். யோனத்தானின் தங்கை மரியா வயலினில் ஆறாம் தரம் பாஸ். கனடாவில் மகள் புஷ்பராணியின் மகன் ரூபன் பல் வைத்தியத்துக்குப் படிக்கிறான். என்னுடைய அடுத்த பல் செட் அவன் கையால்தான் என்று சொல்லியிருக்கிறான். ஆகையால் இப்போதைய செட்டை இன்னும் கொஞ்சக் காலம் இழுக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலே புஷ்பராணியின் மகள் தெபோரா. புத்தகம் எழுதிவிட்டாள்! இங்கிலீஷில். தலையணை அளவு தடிப்பாம். அமெரிக்காவில் கிறிஸ்தவப் புத்தகங்கள் போடுகிற ஒரு கொம்பனி அச்சடித்திருக்கிறது. யுத்த காலத்தில் ஒரு பெடியனும் ஒரு பெட்டையும் விசுவாசத்தை விடாமல் இருந்து கடைசியில் சேருகிற கதையாம்.

"காதல் கதையோடி?" என்று புஷ்பராணியைப் போனில் கேட்டேன்.

"ஓமம்மா. ஆனா பயப்பிடாதையுங்கோ, ஜெபத்தோட வாற காதல்" என்றாள்.

ஐந்தாம் வகுப்போடு நின்ற இந்த நேசரத்தினத்தின் பேத்தி. ஆராதனை முடிந்து வாசலில் நின்று ஒருவரையும் விடாமல் சொன்னேன். போதகர் ஐயாவுக்கு இரண்டு தரம் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. "முதலே சொன்னனீங்கள் அம்மா" என்று சிரித்தார்.

கடைக்குட்டி எபினேசரைப் பற்றி இந்த வருடமும் எழுத ஒன்றுமில்லை.

கிணற்றுக் கயிறு நைந்துவிட்டது. மாற்ற வேண்டும்.

ஜனவரி 9, வியாழன்

புத்தகம் தபாலில் வந்தது. தபால்காரப் பெடியனை நிறுத்தி வைத்து அவன் முன்னாலேயே பிரித்தேன்.

அட்டையில் ஒரு பெரிய தண்ணீர்ப் பரப்பு, அதற்கு அப்பால் மலை. இந்தக் கரையில் ஒரு பெட்டையும் பெடியனும் கைகோர்த்து நிற்கிறார்கள். இரண்டு பேரும் முதுகைக் காட்டிக்கொண்டு! முகத்தைக் காணவே இல்லை. காசு கொடுத்துப் படம் எடுக்கிறவர்கள் இப்படியா எடுப்பது? பின்னட்டையில் தெபோராவின் படம் தபால் முத்திரை அளவில் இருக்கிறது. தலைமயிரை வெட்டிவிட்டாள்.

முன்பக்கத்தில் ஒரு வேதவசனம் போட்டிருப்பதாகத் தபால்காரப் பெடியன் இங்கிலீஷில் எழுத்துக் கூட்டிச் சொன்னான். எனக்கு மனம் நிறைந்தது. வசனத்தை முன்னால் போட்டுவிட்டுப் பின்னால் எவரும் பொய் எழுத மாட்டார்கள். என்னிடம் இருக்கும் புத்தகங்கள் எல்லாம் சாட்சிப் புத்தகங்கள்தான். குடியை விட்டவர், கப்பல் கவிழ்ந்து தப்பினவர், குருடாய் இருந்து பார்வை பெற்றவர். ஒவ்வொன்றும் நடந்த கதை.

ஜனவரி 14, செவ்வாய்

பக்கத்து வீட்டிலிருந்து பொங்கல் வந்தது. கிளாரா ரீச்சரும் வந்தா. அவ இங்கிலீஷ் படிப்பித்து ஓய்வு பெற்றவ, என்னைவிட நாலு வயது இளமை, மூன்று மடங்கு வாய். ஒவ்வொரு செவ்வாயும் வியாழனும் வந்து புத்தகத்தை வாசித்துத் தமிழில் சொல்லுகிறேன் என்று ஒப்புக்கொண்டா. பதிலுக்கு முருங்கைக்காய். மரம் இந்த முறை நன்றாகக் காய்த்திருக்கிறது.

முதலாம் அத்தியாயம் இன்றே வாசித்தோம். பெடியனின் பெயர் ஈதன். தாய்க்குக் கடைசிப் பிள்ளை. பெட்டை ஹன்னா, ஆஸ்பத்திரியில் தாதி. சண்டை கிட்ட வந்துகொண்டிருக்கிறது.

"உந்த அத்தியாயம் முழுக்க ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கொண்டு நிக்கினம், நேசம். இன்னும் வாயே திறக்கேல்லை" என்றா ரீச்சர்.

"சண்டை நேரத்தில கதைக்க எங்க நேரம்?"

"பாக்க மட்டும் நேரம் இருக்குதாக்கும்!"

ஜனவரி 16, வியாழன்

ஒன்று விளங்கவில்லை.

இரண்டாம் அத்தியாயத்தில் ஈதனுக்கு இடது புருவம் அரைவாசிதான் என்று வருகிறது. சின்னவனாக இருந்தபோது பெற்றோல்மாக்ஸ் விளக்குக் கொளுத்தப் போய்ப் பொசுக்கிக்கொண்டானாம். சோறு அடிப்பிடித்தால் அந்தக் கருகலைத்தான் முதலில் கேட்டு வாங்கிச் சாப்பிடுவானாம்.

ரீச்சரை நிறுத்தி அந்த இடத்தைத் திரும்ப வாசிக்கச் சொன்னேன். எழும்பிப் போய்ச் சுவரிலிருந்து கடைக்குட்டி எபியின் படத்தைக் கழற்றிக் கொண்டுவந்து காட்டினேன். அடையாள அட்டைக்கு எடுத்ததைப் பெரிதாக்கின படம். பத்தொன்பது வயது. அரைப் புருவம்.

ரீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தா. "நீர்தான் போனில சொல்லியிருப்பீர். போன வருசம் முழுக்க அந்தப் பிள்ளை உம்மைக் கேள்வி கேட்டபடிதானே."

கேட்டாள், உண்மை. நானும் சொன்னேன். பங்கர், தறப்பாள் கொட்டில், கஞ்சி எல்லாம் சொன்னேன். புருவத்தைச் சொன்ன ஞாபகம் இல்லை. சொல்லியிருப்பேனோ?

ஜனவரி 21, செவ்வாய்

மூன்று அத்தியாயம். சில இடத்தில் ரீச்சர் இருமிக்கொண்டு இரண்டு பக்கத்தைச் சேர்த்துத் திருப்புகிறா. "என்ன வருகுது?" என்று கேட்டேன். "காலநிலை" என்றா.

ஹன்னா எங்கள் சுதாவேதான், எபி விரும்பின பெட்டை. ஒற்றைப் பின்னல், யாரையும் அதட்டுகிற வாய், காயக்காரருக்குத் தன்னுடைய சீலையைக் கிழித்துக் கட்டுவது எல்லாம் சுதா. ஆனால் அவர்கள் ஊரில் மலை இருக்கிறதாம். காலையில் பனி மூட்டமாம். நாங்கள் சண்டைக்குள் இருந்த வன்னியில் மலை எங்கே இருக்கிறது? தெபோரா கனடாவில் பிறந்தவள், இங்கே வந்து பார்த்ததில்லை. ஆனாலும் மலை இல்லையென்று கூடவா தெரியாது?

ஜனவரி 22, புதன்

முற்றம் கூட்டும்போது விளங்கிவிட்டது. விளக்குமாற்றைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டேன்.

சண்டைக் காலத்தில் நாங்கள் போனில் எதையும் நேராகச் சொல்வதில்லை. கடையில் வரிசையில் நின்று எடுக்கிற போன், யார் கேட்கிறார்களோ தெரியாது. அருள்நேசன் கொழும்புக்குப் போய்ச் சேர்ந்த செய்தி எனக்கு எப்படி வந்தது? "தைக்கக் குடுத்த சட்டை வந்திட்டுது." அவனை வழியில் மறித்து வைத்திருந்த கிழமையில், "தையல்காரனுக்குச் சுகமில்லை." பெயரை மாற்றுவோம், ஊரை மாற்றுவோம். கேட்கிறவனுக்கு விளங்காது, பெற்றவளுக்கு விளங்கும்.

எபி ஈதன் ஆனான். சுதா ஹன்னா ஆனாள். வன்னிக்கு மலை வந்தது. எங்கள் வீட்டுப் பிள்ளைதானே தெபோரா, புஷ்பராணி சொல்லிக் கொடுத்திருப்பாள்.

அப்படியென்றால் கதையின் மிச்சம்?

ஜனவரி 23, வியாழன்

ஈதன் திரும்பிப் போகிற அத்தியாயம் இன்று.

நடந்ததை நானும் இங்கே எழுதி வைக்கிறேன். கடைசியில் நீரேரியைக் கடக்க வந்தோம். பிள்ளைகளின் தகப்பன் அதற்கு இரண்டு மாதம் முன்னமே மருந்தில்லாமல் கண்ணை மூடிவிட்டார். நானும் எபியும்தான். சுதா ஆஸ்பத்திரிக் கொட்டிலில் காயக்காரரை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று நின்றுவிட்டாள். "அம்மா, நீங்கள் ஆக்களோட நடவுங்கோ. நான் சுதாவையும் கூட்டிக்கொண்டு பின்னால வாறன்" என்று எபி திரும்பினான். நீலச் சட்டை. முதுகில் வியர்வை நனைந்திருந்தது. நான் நடந்தேன். தண்ணீர் மார்பு வரை. இவ்வளவுதான்.

தெபோராவின் புத்தகத்தில் தாய் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போகிறாள். அது சரியில்லை. தண்ணீருக்குள் கால் வைக்க இடம் பார்க்க வேண்டும், திரும்பிப் பார்க்க முடியாது.

ரீச்சர் இன்று ரீ குடிக்காமல் போய்விட்டா. முருங்கைக்காயும் எடுக்கவில்லை.

ஜனவரி 28, செவ்வாய்

தப்பிவிட்டார்கள்! ஒரு மீன்காரக் கிழவன் அவர்களை வள்ளத்தில் ஏற்றுகிறான். நடுக்கடலில் மோட்டார் நின்றுவிட, இருவரும் ஜெபிக்கிறார்கள், மோட்டார் எடுபடுகிறது. மோட்டாரை இவ்வளவு கேவலமாக ஒருவரும் எழுதி நான் வாசித்ததில்லை என்று ரீச்சர் சொன்னா. எனக்கு மோட்டாரைப் பற்றிக் கவலையில்லை. வள்ளம் கரையில் தட்டிற்றா, இல்லையா? தட்டிற்று.

சோற்றை அடுப்பில் மறந்து கருக விட்டேன். கருகலைச் சுரண்டித் தனியாக எடுத்து வைத்தேன்.

பெப்ரவரி 4, செவ்வாய்

புத்தகம் முடிந்தது. அக்கரையில் ஒரு சின்ன ஜெபவீட்டில் கலியாணம். ஹன்னா வெள்ளைச் சீலை. வருடங்கள் போகின்றன. கடைசி அத்தியாயத்தில் ஈதனின் தாய் தனியாக இருக்கிற வீட்டின் கதவு தட்டப்படுகிறது. அவள் போய்க் கதவைத் திறக்கிறாள். அதோடு முடிகிறது.

"எந்த வருசம் எண்டு போட்டிருக்குதோ?"

"என்ன?"

"வந்து கதவைத் தட்டின வருசம்."

ரீச்சர் புத்தகத்தை மூடி மடியில் வைத்தா. "நேசம், இஞ்ச பாரும். இது நாவல்."

"சாட்சி, ரீச்சர். முன்னால வசனம் போட்டிருக்கு."

"வசனம் ஆரும் போடலாம். ஈதன் செத்துப்போனா உந்தப் புத்தகத்தை அமெரிக்காவில ஆர் வாங்கிறது?"

சொன்ன உடனே என் கையைப் பிடித்துக்கொண்டா. எதற்குப் பிடித்தா என்று தெரியவில்லை. எனக்கு ஒன்றுமில்லை. ரீச்சருக்கு இங்கிலீஷ் தெரியும். ஆனால் சண்டைக் காலம் முழுக்க அவ கொழும்பில் மகளோடு இருந்தவ. சட்டைக் கதை அவவுக்குத் தெரியாது.

பெப்ரவரி 6, வியாழன்

இரவு படலைக் கதவைக் கொழுவாமல் விட்டிருந்தேன். ஆடு வந்து பசளிக் கீரை முழுக்கத் தின்றுவிட்டது.

பெப்ரவரி 9, ஞாயிறு

தெபோரா போன் எடுத்தாள். படத்தோடு கதைக்கிற போன். ரீச்சரின் மருமகள் வந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அம்மம்மா, புத்தகம் பிடிச்சுதா?"

"நல்லா இருக்குதம்மா. கர்த்தர் உன்னை ஆசீர்வதிக்கட்டும். பிள்ளை, அந்தச் சட்டை தைச்சாச்சோ?"

"என்ன சட்டை?"

"தைக்கக் குடுத்தது. நீலச் சட்டை. எங்க இருக்குது இப்ப?"

பிள்ளை முழித்தாள். நன்றாக நடித்தாள், குறை சொல்லக் கூடாது. "அம்மம்மாக்குச் சட்டை வேணுமா?" என்று கேட்டாள்.

"எனக்கில்லையடி. ஆம்பிளைச் சட்டை. விளங்குதே?"

"ஓகே..." என்றாள். பிறகு குரலைத் தணித்து, "அம்மம்மா, கிளாரா ரீச்சர் மெசேஜ் போட்டவ. அது கதை. நான் யோசிச்சு எழுதினது. உண்மை இல்லை. தெரியும்தானே?"

"தெரியுமம்மா, தெரியும். போனில கதைக்க வேண்டாம்" என்று கண்ணைக் காட்டினேன்.

ரீச்சரின் மருமகள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

பெப்ரவரி 20, வியாழன்

பிரஷர் குளிசை முடிந்தது. ஆஸ்பத்திரியில் வரிசை நீளம். கிணற்றுக்குப் புதுக் கயிறு போட்டாயிற்று. வாளி நேராக இறங்குகிறது.

எபியின் அறையில் இருந்த நெல்லு மூட்டையை வெளியே எடுத்தேன். சும்மா, எலி வருகிறது என்று.

மார்ச் 19, புதன்

பார்சல்!

புஷ்பராணி எனக்கு இரண்டு நைற்றி, கால் நோவுக்கு எண்ணெய், சொக்லேற் வைத்திருந்தாள். அடியில் ஒரு சட்டை. நீலம். ஆம்பிளைச் சட்டை, கழுத்தில் விலைச்சீட்டுக்கூட எடுக்கவில்லை. தெபோரா ஒரு துண்டில் தமிழில் எழுதியிருந்தாள், கோழி கிண்டின மாதிரி: "அம்மம்மா கேட்ட சட்டை. அன்புடன்."

கதிரையில் இருந்துவிட்டேன். சட்டையை மடியில் விரித்து வைத்துப் பார்த்தேன்.

ரீச்சருக்குக் காட்டினேன். "நீர் நீலச் சட்டை கேட்டீர், பிள்ளை கடையில வாங்கி அனுப்பியிருக்கு. அவ்வளவுதான்" என்றா. அவ்வளவுதானாக இருக்கலாம். ஆனால் அளவு? அளவு நான் சொல்லவில்லையே. பத்தொன்பது வயதில் அவனுக்கு இருந்த அளவில்லை இது, நாற்பதைத் தொடப் போகிற ஒரு ஆளின் அளவு. பிள்ளை ஆருடைய தோளைப் பார்த்து வாங்கினாள்?

பூமணியிடம் போக வேண்டும்.

மார்ச் 20, வியாழன்

பூமணி சுதாவின் தாய். பரந்தன் பக்கம் இருக்கிறாள். தறப்பாளின் கீழ் இருந்த காலத்தில் எங்கள் அடுப்பும் அவள் அடுப்பும் பக்கத்தில் பக்கத்தில். சுதாவோடு அவளும் அன்றைக்குப் பின்னுக்கு நின்றவள், நான் வந்து நாலைந்து நாள் கழித்துத்தான் அகதி முகாமுக்கு வந்தாள், தனியாக. என்னைக் கண்டதும் ஏதோ சொல்ல ஓடி வந்தாள். நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை. அவளுக்கு இருக்கும். அதற்குப் பிறகு நாங்கள் கதைக்கவில்லை.

"போகாதேயும், நேசம்" என்றா ரீச்சர். "நீர் நம்புறது உம்மட பாடு. அந்த மனுசியைக் குழப்பாதேயும்."

"அவவும் பெத்தவள்தானே. பிள்ளை இருக்குதெண்டு அவவுக்குத் தெரிய வேண்டாமோ?"

"இல்லையெண்டா?"

முருங்கைக்காய் ஒரு கட்டு பூமணிக்கும் எடுத்து வைத்தேன்.

மார்ச் 22, சனி

கொடிகாமம் போய் அங்கிருந்து பஸ். பையில் புத்தகம், சட்டை, முருங்கைக்காய். பரந்தனில் இறங்கி மூன்று பேரிடம் வழி கேட்டேன்.

பூமணி கோழிக்குத் தவிடு குழைத்துக்கொண்டு இருந்தாள். தலை முழுக்க வெள்ளை. என்னைக் கண்டு எழும்பினாள், கையில் தவிடு ஒட்டியபடி.

"நேசக்கா?"

"ஓம்."

"ஏன் வெயிலுக்குள்ள நிக்கிறியள், உள்ளுக்கு வாங்கோ" என்றாள். நேற்றுக் கதைத்துவிட்டுப் போனவள் மாதிரி.

ரீ தந்தாள். சீனி போடாமல் எனக்கு, நிறையப் போட்டுத் தனக்கு. அதையும் மறக்கவில்லை. பிறகு கதிரைக்குக் கிட்ட வந்து நிலத்தில் இருந்து, "நேசக்கா, நீங்கள் வந்தது நல்லதாப் போச்சு. நான் உங்களுக்கு ஒண்டு சொல்ல வேணும். அண்டைக்கே சொல்ல வந்தனான்..." என்று தொடங்கினாள்.

"பொறு. முதல்ல நான் சொல்லிப்போடுறன், பிறகு நீ சொல்லு" என்றேன்.

புத்தகத்தை எடுத்து அவள் மடியில் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். பேத்தி எழுதினது, அரைப் புருவம், மலை, வள்ளம், மோட்டார், அக்கரை, கலியாணம், கதவு. பிறகு சட்டையை விரித்துக் காட்டினேன். பூமணி சட்டையின் தோளை இரண்டு கையாலும் பிடித்து அளந்து பார்த்தாள்.

"பெரிசு, நேசக்கா. எபி ஒல்லிப் பெடியன்."

"நாப்பது வயசாகப் போகுது. உடம்பு வைச்சிருப்பான்."

அவள் சட்டையை மடித்தாள். ஓரத்தோடு ஓரம் வைத்து, கடையில் மடிக்கிற மாதிரி. வெகுநேரம் மடித்தாள். பிறகு கேட்டாள்:

"கலியாணத்துக்கு என்ன சீலை?"

"வெள்ளை."

"வெள்ளையோ? பிடிவாதக்காரி, சுதா வெள்ளை கட்டவே மாட்டாள். கூறைச் சீலைதான் வேணும் எண்டு சின்னனிலயே சொன்னவள். உங்கட பேத்திக்குச் சொல்லுங்கோ."

"ஜெபவீட்டில நடந்தது, பூமணி."

"ஜெபவீட்டில கூறை கட்டினா கூரை இடிஞ்சோ விழும்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். பிறகு கடைசி அத்தியாயத்தைத் திரும்பச் சொல்லச் சொன்னாள். சொன்னேன். மூன்றாம் முறையும் சொன்னேன். ஹன்னா அழுதபடி வாசலில் நிற்கிறாள் என்றபோது மறித்தாள். "சுதா அழாள். 'மாமி, தேத்தண்ணி இல்லையோ, எவ்வளவு தூரத்தில இருந்து வாறம்' எண்டுதான் கேட்டிருப்பாள்." அதுவும் சரி. அடுத்த முறை அப்படியே சொன்னேன். எபி முதலில் அடுப்படிக்குள் போய்ச் சட்டியைத் திறந்து பார்ப்பான் என்று நான் சேர்த்தேன். பூமணி தலையாட்டினாள்.

பொழுது பட்டது. முற்றத்து வேம்பின் கீழ் ஒரு சின்னக் கல் மேடை கட்டி வைத்திருக்கிறாள். அதில் இரண்டு விளக்கு ஏற்றினாள். ஒரே அளவு மண்சிட்டி, ஒரே அளவு திரி.

"ஏன் ரெண்டு?"

"ஒண்டு சுதாவுக்கு."

"மற்றது?"

பூமணி திரியைத் தூண்டிக்கொண்டு இருந்தாள். "காத்துக்கு ஒண்டு அணைஞ்சா மற்றது எரியட்டும் எண்டு" என்றாள்.

கெட்டிக்காரி. எண்ணெய் விற்கிற விலையில் என்றாலும்.

"நீ என்னவோ சொல்ல வேணும் எண்டனீ?" என்று கேட்டேன்.

என்னைப் பார்த்தாள். பிறகு புத்தகத்தைப் பார்த்தாள். "மறந்து போச்சு, நேசக்கா. வயசு போகுதெல்லோ" என்றாள்.

அங்கேயே படுக்க வைத்தாள். கடைசி பஸ் போய்விட்டது.

மார்ச் 23, ஞாயிறு

காலையில் பூமணி பஸ் ஏற்றிவிட வந்தாள். பையில் முட்டை வைத்தாள், தவிட்டுக்குள் புதைத்து. ஞாயிறு ஆராதனைக்குப் போக முடியவில்லை, இந்த வருடத்தில் இதுதான் முதல் முறை.

பஸ் வருமட்டும் புத்தகத்தை அவள்தான் வைத்திருந்தாள். சுதாவின் படம் ஒன்றும் அவளிடம் இல்லை. இருந்ததெல்லாம் ஓடும்போது போய்விட்டது. அட்டையில் நிற்கிற பெட்டையின் பின்னலைப் பெருவிரலால் தடவிக்கொண்டே இருந்தாள்.

"பின்னல் இப்பிடித்தான். தோளும் இப்பிடித்தான்" என்றாள். "முகம்தான் தெரியேல்லை. ஒருக்காத் திரும்பினா என்ன?"

பஸ்ஸில் ஏறிய பிறகு எனக்கு ஒன்று தோன்றியது. எபியின் விளக்கு. இல்லை. காற்றுக்குத்தான் என்று அவளே சொன்னாளே. ஆனையிறவில் தண்ணீர் இரண்டு பக்கமும் வந்தது. நான் யன்னல் பக்கம் பார்க்கவில்லை.

மார்ச் 24, திங்கள்

தலை சுற்றுகிறது. படுத்திருந்தேன். ரீச்சர் கஞ்சி கொண்டுவந்தா.

மார்ச் 25, செவ்வாய்

"ரீச்சர், ஒருத்தருக்கு ஒரு விளக்குத்தானே வைக்கிறது?" என்று கேட்டேன்.

"எங்களுக்கு ஏது விளக்கு, நேசம்? நாங்கள் வைக்கிறதில்லையே" என்றா.

அதோடு விட்டுவிட்டேன்.

மார்ச் 27, வியாழன்

தெபோரா போனில் அழுதாள். ரீச்சர்தான் ஏதோ சொல்லியிருக்கிறா.

"ஸொறி அம்மம்மா. நான் மாமாவைக் கண்டதே இல்லை. எனக்கு அவரைச் சாகவிட ஏலாமல் இருந்தது. ஒவ்வொரு முறை எழுதேக்கையும் அங்க வந்து நிண்டிடுவன். அதான் வள்ளத்தை வைச்சன். புத்தகத்திலயாவது வரட்டும் எண்டு..."

"அழாதை பிள்ளை."

"நீங்கள் உண்மையெண்டு நினைப்பியள் எண்டு எனக்குத் தெரியாது."

இப்படி அழுதால் ஒட்டுக்கேட்கிறவனும் நம்பிவிடுவான் என்று நினைத்தேன். பிறகு, யார் இனி ஒட்டுக்கேட்கப் போகிறான் என்றும் நினைத்தேன். அந்தக் காலமெல்லாம் போய்விட்டதே. இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு, "சாப்பிட்டனியோ?" என்று கேட்டேன்.

"நீ எழுதினது நல்ல கதை" என்றும் சொன்னேன். கதை என்ற சொல்லை இன்றைக்குத்தான் நானாகச் சொன்னேன் என்று ரீச்சர் சொல்லுகிறா. எனக்கு அது தெரியாது.

மார்ச் 30, ஞாயிறு

படலையைக் கொழுவினேன். பசளி திரும்பத் துளிர்க்கிறது.

நீலச் சட்டையைத் தோய்த்து மடித்து எபியின் அறையில் வைத்தேன். நெல்லு மூட்டையையும் திரும்ப உள்ளே எடுத்துவிட்டேன். இரண்டுக்கும் இடம் இருக்கிறது.

தெபோராவுக்குக் கடிதம் எழுதினேன். தபாலில் சேர்க்குமுன் இங்கேயும் ஒரு பிரதி:

"அன்புள்ள பேத்தி தெபோராவுக்கு அம்மம்மா எழுதுவது. நான் சுகம். யோனத்தானுக்கு விடுதி கிடைத்துவிட்டது. மரியா ஈஸ்டருக்குக் கோயிலில் வயலின் வாசிக்கப் போகிறாள். உன் புத்தகத்தைப் போதகர் ஐயா கடன் கேட்டார், கொடுக்கவில்லை, சொந்தமாக வாங்கட்டும்.

உன் புத்தகத்தை இரண்டாம் முறை அச்சடிப்பார்கள் என்று அம்மா சொன்னாள். அப்படியானால் சில திருத்தம். வன்னியில் மலை இல்லை. தாய் தண்ணீருக்குள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டும், ஆனால் பார்க்கவில்லை. கலியாணத்துக்குக் கூறைச் சீலை. வாசலில் வந்து நிற்கும்போது பெட்டை அழக் கூடாது, தேத்தண்ணி கேட்க வேண்டும். இது பூமணி மாமி சொன்னது, அவள் சொன்னால் சரியாக இருக்கும். வள்ளத்தை எடுக்காதே. ரீச்சர் மோட்டாரைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் அது இருக்கட்டும்.

பிறகு அட்டை. முதுகைப் பார்த்தது எங்களுக்குப் போதும். அந்தப் பிள்ளைகள் இரண்டு பேரையும் இந்தப் பக்கம் திரும்பி நிற்கச் சொல்லு. பெடியனுக்கு இடது புருவம் அரைவாசிதான் என்று படம் எடுக்கிறவருக்கு மறக்காமல் சொல். அப்படிப் புதுப்படம் ஒன்று எடுத்து அனுப்பு. போனில் வேண்டாம், கையில் பிடித்துப் பார்க்க வேண்டும், தபாலில் அனுப்பு. இரண்டு பிரதி."